எந்தப் போக்கரைப் பற்றிப் பேசுகிறோம்?

கலிஃபோர்னியாவின் 1885ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, தடை செய்த சூதாட்டங்களின் பட்டியலில் ‘ஸ்டட் ஹார்ஸ் போக்கர்’ என்ற பெயரையும் சேர்த்திருந்தது. அது எந்த ஆட்டம் என்று சட்டம் விளக்கவில்லை. 1911இல் அந்த மாநிலத்தின் அட்டர்னி ஜெனரல் யூலிசிஸ் வெப் ஒரு கருத்துரை கொடுத்தார். ஸ்டட் வகை அதிர்ஷ்டம், ஆகவே கூடாது; டிரா வகை திறமை, ஆகவே ஆடலாம். லாஸ் ஏஞ்சல்ஸை ஒட்டிய கார்டினா நகரின் சீட்டு கிளப்புகள் பல பத்தாண்டுகள் இதை நம்பியே தொழில் நடத்தின. 1980களின் பிற்பகுதி வரை அங்கே நிலைமை இதுதான்.

சீட்டுப் பிடித்துப் பழகியவர்கள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். டிராவில் ஐந்து சீட்டும் கைக்குள் ஒளிந்திருக்கும். எதிராளி எத்தனை சீட்டை மாற்றினார், எவ்வளவு பணம் வைத்தார் என்பது மட்டுமே தெரியும். ஏழு சீட்டு ஸ்டட்டில் ஒவ்வொருவருடைய ஏழில் நான்கு, எல்லோர் கண்ணிலும் படும்படி மேசையில் கிடக்கும். உங்கள் கையில் நான்கு இஸ்பேட் இருக்கிறது, ஐந்தாவது வந்தால் ஜெயம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கட்டில் இன்னும் ஒன்பது இஸ்பேட் இருக்கிறது என்ற தைரியத்தில் பணம் வைக்கிறீர்கள். மேசையில் திறந்து கிடந்து, ஆட்டத்தை விட்டவர்களோடு கவிழ்ந்துபோன சீட்டுகளில் நான்கு இஸ்பேட் இருந்ததைக் கவனித்தவருக்கு மீதி ஐந்துதான் என்று தெரியும். கண்ணும் ஞாபகமும் இவ்வளவு வேலை செய்கிற ஆட்டத்தைத்தான் வெப் அதிர்ஷ்டம் என்றார். அவர் பக்கமும் கொஞ்சம் நியாயம் உண்டு. எல்லாச் சீட்டும் மறைந்திருக்கும்போது பாவ்லாவுக்கு மதிப்பு ஏறுகிறது, பாவ்லாவும் திறமைதான். ஆனால் ஒன்றுக்கு முழுத் திறமை, மற்றதற்கு முழு அதிர்ஷ்டம் என்று கோடு கிழித்ததுதான் அபத்தம்.

இன்று போக்கர் என்றாலே பெரும்பாலும் டெக்சஸ் ஹோல்டெம். ஆளுக்கு இரண்டு மறைசீட்டு, நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து. கைக்கு வருகிற இரண்டுமே ஏஸாக இருப்பது 221 கைக்கு ஒரு தடவை. அப்படி வந்து, எதிரே இரண்டு ராஜா வைத்திருப்பவரோடு மொத்தப் பணத்தையும் வைத்து மோதினாலும், கிட்டத்தட்ட ஐந்துக்கு ஒரு தடவை ராஜா ஜெயித்துவிடும். பணத்தை உள்ளே தள்ளும்வரை திறமையின் ராஜ்ஜியம். அதற்குப் பிறகு கட்டு என்ன கொடுக்கிறதோ அதுதான்.

ஒமஹாவில் ஆளுக்கு நான்கு சீட்டு, அதில் கட்டாயம் இரண்டைத்தான் பயன்படுத்த வேண்டும். இங்கே ஏஸ் ஜோடி 39 கைக்கு ஒரு தடவை வந்துவிடும், மவுசும் அதற்கேற்ற மாதிரி குறைந்துவிடும். எட்டு, ஒன்பது, பத்து, ஜாக் என்று வரிசையாக, இரண்டு இனத்தில் ஜோடி சேர்ந்த நான்கு சீட்டை எதிர்த்தால் ஏஸ்காரரின் வாய்ப்பு சில சமயம் பாதிக்குப் பாதி அளவுக்கு இறங்கிவிடும். ஒரு கையை மட்டும் பார்த்தால் ஒமஹா அதிர்ஷ்டத்துக்கு நெருக்கம். ஆனால் புதிதாக ஆட வருபவருக்கு நான்கு சீட்டும் நல்ல சீட்டாகவே தெரியும். விட வேண்டிய கையை விடாமல் பணத்தைக் கொட்டுவார். வருடக் கணக்கில் பார்த்தால் அனுபவசாலிக்கு இதைவிட நல்ல மேசை கிடையாது.

அதிர்ஷ்டம் விலகித் திறமை வெளியே தெரிய எவ்வளவு காலம் பிடிக்கும்? கணினி ஆராய்ச்சியாளர்களின் அனுபவம் இதற்கு ஓரளவு பதில் சொல்கிறது. பந்தயத் தொகைக்கு வரம்பு வைத்து இருவர் ஆடும் ஹோல்டெமை, நடைமுறையில் முழுவதுமாகத் தீர்த்துவிட்டதாக 2015இல் அல்பர்ட்டா பல்கலைக்கழகம் அறிவித்தது. வரம்பில்லாத ஆட்டம் அவ்வளவு எளிதில் மசியவில்லை. அதே ஆண்டு கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் ‘கிளாடிகோ’ நிரல் பிட்ஸ்பர்க்கில் நான்கு தொழில்முறை ஆட்டக்காரர்களோடு 80,000 கை ஆடியது. மனிதர்கள் ஏழு லட்சம் சிப்புக்கு மேல் முன்னிலை. அதிர்ஷ்டத்தைக் கழிப்பதற்காக, ஒரு மேசையில் மனிதனுக்கு வந்த சீட்டையே இன்னொரு மேசையில் இயந்திரத்துக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். அப்படியும், மனிதர்கள் நிச்சயமாகச் சிறந்தவர்கள் என்று சொல்ல அந்த வித்தியாசம் போதாது என்றார்கள் நிரலை எழுதியவர்கள். (தோற்ற பக்கம் வேறென்ன சொல்லும் என்று நீங்கள் கேட்கலாம்.) 2017இல் ‘லிப்ராட்டஸ்’ வந்தது, 1,20,000 கை ஆடி, 17 லட்சம் சிப்புக்கு மேல் ஜெயித்தது. அதற்கு மேல் விவாதம் எழவில்லை.

கிளப் மேசையில் மணிக்கு சுமார் 30 கை ஆடலாம். 80,000 கை என்றால் தினம் எட்டு மணி நேரம் வீதம் பதினோரு மாதம். வெள்ளிக்கிழமை ராத்திரி நண்பர்களோடு இருபது கை ஆடி ஜெயித்தவர், தன் திறமையைப் பற்றி என்ன முடிவுக்கு வர முடியும்?

லாஸ் வேகாஸில் ஆண்டுதோறும் நடக்கும் உலகத் தொடரின் முதன்மைப் போட்டி, வரம்பில்லாத ஹோல்டெம். 1987, 1988இல் ஜானி சான் அடுத்தடுத்து வென்ற பிறகு அதை யாராலும் தொடர்ந்து இருமுறை வெல்ல முடியவில்லை. அதே தொடரில், 50,000 டாலர் கட்டிப் பல வகைப் போக்கரையும் மாற்றி மாற்றி ஆட வேண்டிய போட்டியும் உண்டு. அதை மைக்கேல் மிஸ்ராச்சி நான்கு தடவையும் பிரையன் ராஸ்ட் மூன்று தடவையும் வென்றிருக்கிறார்கள். ஸ்டட், ஒமஹா, டிரா என்று எதிலும் ஓட்டை இல்லாதவர்தான் அங்கே தேற முடியும். ஆனாலும் முழுப் பெருமையையும் திறமைக்குக் கொடுத்துவிட முடியாது. 2025இல் முதன்மைப் போட்டிக்கு 9,735 பதிவுகள். மற்றதில் ஆடுகிறவர்கள் நூறு பேரை ஒட்டித்தான். அந்த வருடம் இரண்டையுமே மிஸ்ராச்சி அடித்துக்கொண்டு போனது தனிக் கதை.

நம் நீதிமன்றங்களிலும் இதே வழக்கு நடந்தது. 2017இல் குஜராத் உயர் நீதிமன்றம் போக்கரை அதிர்ஷ்ட ஆட்டம் என்றது. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ரம்மி, போக்கர் இரண்டும் திறமை ஆட்டங்களே என்று சொல்லி, 2022ஆம் ஆண்டுத் தமிழகச் சட்டம் அவற்றை அதிர்ஷ்ட ஆட்டங்களாகப் பட்டியலிட்டதை ரத்து செய்தது. ‘திறமை ஆட்டம்’ என்பதை ஆப் கம்பெனிகள் நற்சான்றிதழ் போலத் தூக்கிப் பிடித்தன. என்னைக் கேட்டால், அதை எச்சரிக்கையாகத்தான் படித்திருக்க வேண்டும். 2003இல் தமிழ்நாடு தடை செய்த லாட்டரியில், சீட்டு வாங்கிய கூலித் தொழிலாளிக்கும் கணக்குப் பேராசிரியருக்கும் ஒரே வாய்ப்புதான். திறமை ஆட்டத்தில் அந்தச் சமத்துவம் கிடையாது. தெரியாதவர் தோற்பதும் தெரிந்தவர் ஜெயிப்பதும் அங்கே ஏற்பாடு. நடத்துபவரின் கமிஷன் தனி. அவ்வப்போது அதிர்ஷ்டம் கொடுக்கிற சின்ன ஜெயம்தான் தெரியாதவரை எழுந்து போகவிடாமல் உட்கார வைக்கிறது.

2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஆன்லைன் விளையாட்டுச் சட்டம், திறமையா அதிர்ஷ்டமா என்ற கேள்வியையே தூக்கிப்போட்டுவிட்டது. பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டம் எதுவானாலும் தடை. நடத்துபவருக்கு மூன்று ஆண்டு வரை சிறை, விளம்பரம் செய்பவருக்கு இரண்டு ஆண்டு வரை. பணத்தைக் கட்டி ஆடியவருக்கு அதில் தண்டனை கிடையாது.