நெறியாளர் யார் பக்கம்?

நவிமும்பையின் கோபர்கைரனேயில் தமிழ்க் குடும்பங்களின் டிவியில் பெரும்பாலும் மூன்று மொழிச் செய்திகள் ஓடும். ஏரியா விவரத்துக்கு மராத்தி, டெல்லிக்கு இந்தி, ஊர் அரசியலுக்குத் தமிழ். தமிழ் சேனல்களில் நமக்குக் குழப்பம் குறைவு. கலைஞர் டிவி திமுக, நியூஸ் ஜெ அதிமுக. கேட்பதில் பாதியைத் தள்ளிவிட்டு மீதியை எடுத்துக்கொள்வோம். நடுநிலை என்று சொல்லிக்கொள்ளும் சேனலின் விவாத நெறியாளரிடம்தான் சிக்கல்.

அவர் நடுநிலையாக இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறதா? தூர்தர்ஷனுக்குச் சொல்கிறது. 1990ஆம் ஆண்டின் பிரசார் பாரதி சட்டம், தனக்கென ஒரு கொள்கையைப் பரப்பாமல் மாற்றுக் கருத்துகளையும் சேர்த்துத் தர வேண்டும் என்கிறது. (கடைப்பிடிக்கிறார்களா என்பது தனி விவகாரம்.) தனியார் சேனல்களுக்கு 1995ஆம் ஆண்டின் கேபிள் டிவி சட்டமும் அதன் நிகழ்ச்சி விதிகளும் உண்டு. ஆபாசம், அவதூறு, மத வெறுப்பு கூடாது என்கின்றன. எதிர்த்தரப்புக்கும் சம நேரம் கொடு என்று சொல்வதில்லை.

அந்த இடத்தை நிரப்புவது சேனல்கள் தாங்களே அமைத்துக்கொண்ட என்பிடிஎஸ்ஏ என்ற புகார் அமைப்பு. ஹிஜாப் பற்றிய விவாதம் ஒன்றுக்காக 2022 அக்டோபரில் நியூஸ்18 இந்தியாவுக்கு அது 50,000 ரூபாய் அபராதம் விதித்து, வீடியோவை நீக்கச் சொன்னது. அப்போது அதிகபட்ச அபராதமே ஒரு லட்சம்தான். இந்தத் தொகையைப் பார்த்து எந்த சேனல் பயப்படும் என்ற ரீதியில் 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமே கேட்டது.

விதி பலவீனமானால் சண்டை ஆட்கள் மேல் திரும்பும். 2020 ஜூலையில் நியூஸ்18 தமிழ்நாடு பத்திரிகையாளர்கள் திராவிடச் சார்பினர் என்று யூடியூபர் மாரிதாஸ் புகார் கிளப்பினார், ஆசிரியர் மு. குணசேகரன் விலகினார், பிறகு சன் நியூஸுக்குப் போனார். எந்த நிகழ்ச்சியில் யாருக்குப் பேச வாய்ப்பு மறுக்கப்பட்டது என்பதைவிட அவர்கள் யார் என்பதே பேச்சானது. அதே ஆண்டு நவம்பரில் ரிபப்ளிக் டிவியின் அர்னாப் கோஸ்வாமி பழைய தற்கொலைத் தூண்டுதல் வழக்கில் கைதாகி, இதே நவிமும்பையின் தலோஜா சிறைக்கு வந்தார். ஒரு கூட்டம் பழிவாங்கல் என்றது, இன்னொரு கூட்டம் கைதட்டியது. 2023 செப்டம்பரில் ‘இந்தியா’ கூட்டணி 14 நெறியாளர்களின் பெயரைப் பட்டியலிட்டுப் புறக்கணித்தது. எனக்கு இதில் உடன்பாடில்லை. எதிர்த்தரப்பு வராத விவாதத்தில் நெறியாளருக்கு வேலை இன்னும் சுலபம்.

பிரிட்டனில் ஆஃப்காம் என்ற சட்டப்பூர்வ அமைப்பு நிகழ்ச்சியைத்தான் எடைபோடும். அரசியல்வாதி செய்தி வாசிப்பாளராக உட்காரக் கூடாது என்ற விதியை வைத்து 2024 மார்ச்சில் ஜிபி நியூஸ் சேனலின் 5 நிகழ்ச்சிகளைத் தவறென்றது. அங்கும் எளிதாக முடியவில்லை: எம்.பி.யாக இருந்த ஜேக்கப் ரீஸ்-மாக் நடத்திய இரண்டு நிகழ்ச்சிகள் பற்றிய முடிவை 2025 பிப்ரவரியில் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது.

நம் பார்வையாளரும் புகார் செய்யலாம். ஒளிபரப்பான 7 நாளுக்குள் முதலில் சேனலுக்கு எழுத வேண்டும். பதில் திருப்தி இல்லையென்றால் என்பிடிஎஸ்ஏவுக்கு. நெறியாளர் அந்தக் கட்சிக்காரர் என்று எழுதிப் பயனில்லை. தேதி, நேரம், விவாதத் தலைப்பு, யாரை எத்தனை முறை இடைமறித்தார், திரையின் கீழே என்ன வரி ஓடியது என்று எழுதுங்கள். அர்னாபின் ரிபப்ளிக் மீது புகார் என்றால் இந்த வழி உதவாது. அது என்பிடிஎஸ்ஏவை அமைத்த சேனல்களின் சங்கத்தில் உறுப்பினரே இல்லை.