மாரடைப்பின் அறிகுறிகள்

மாரடைப்பு என்பது இதயத் தசைக்குக் குருதி கொண்டுசெல்லும் தமனி அடைபட்டு, அத்தசை இறக்கத் தொடங்கும் நிலை ஆகும்.

அறிகுறிகள்

நடுநெஞ்சில் அழுத்தம், இடக்கைக்கோ தாடைக்கோ முதுகுக்கோ பரவும் வலி, மூச்சுத்திணறல், குளிர்ந்த வியர்வை, குமட்டல் என்பன முதன்மையானவை. பெண்கள், முதியோர், நீரிழிவு நோயாளர் சிலருக்கு நெஞ்சுவலி இன்றிக் களைப்பும் மூச்சிரைப்பும் மட்டுமே தோன்றலாம். வாயுத்தொல்லை எனக் கருதி வீட்டில் காத்திருப்பது உயிருக்கு ஆபத்தானது.

தூத்துக்குடி மாவட்டத்தில்

இம்மாவட்டக் கடற்கரையின் இரு முனைகளிலும் அமைந்த வேம்பார், பெரியதாழை போன்ற மீனவ ஊர்களிலிருந்து தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையை அடைய நேரமாகும். தமிழ்நாட்டில் 2023-இல் தொடங்கப்பட்ட இதயம் காப்போம் திட்டம் இவ்விடைவெளியைக் கருதியது. இதன்படி ஆரம்ப, துணை சுகாதார நிலையங்களிலேயே ஆஸ்பிரின், குளோபிடோகிரெல், அட்டோர்வாஸ்டாட்டின் மாத்திரைகள் அளிக்கப்பட்டு, நோயாளி பெரிய மருத்துவமனைக்கு அனுப்பப்படுகிறார். அறிகுறி கண்டவுடன் குடும்பத்தினர் 108 அவசர ஊர்தியை அழைத்தல் வேண்டும்.