எட்டுக்கால் ஐ.சி.யில் ஒரு ஹார்ன்

பைக்கில் வரும் வழக்கமான ஹார்னுக்குள் ஒரு மின்காந்தமும் அதன் முன்னே ஒரு மெல்லிய இரும்புத் தகடும் இருக்கின்றன. பொத்தானை அழுத்தியதும் காந்தம் தகட்டை இழுக்கும். இழுத்த வேகத்தில் உள்ளே இருக்கும் பாயிண்ட் விலகி மின்சாரம் அறுபடும். தகடு திரும்பும், பாயிண்ட் மறுபடி சேரும். நொடிக்குச் சில நூறு முறை இது நடப்பதுதான் நம் காதில் விழும் சத்தம். மழைநீர் புகுந்து பாயிண்ட் துருப்பிடித்தாலோ கரிந்தாலோ குரல் கம்மிவிடும்.

அந்தப் பாயிண்ட் செய்யும் வேலையை, தேய்மானமே இல்லாமல், 555 டைமர் ஐ.சி. செய்துவிடும். சுவிட்சர்லாந்தில் பிறந்த ஹான்ஸ் கேமன்சிண்ட், சிக்னெட்டிக்ஸ் நிறுவனத்துக்காக 1971இல் இதை வடிவமைத்தார். மறு ஆண்டு விற்பனைக்கு வந்தது. சென்னை ரிச்சி தெருவில் இன்றும் மலிவாகக் கிடைக்கிறது.

இணைப்பு எளிது. 1ஆம் கால் நெகட்டிவ். 4, 8 இரண்டும் பாசிட்டிவ். பாசிட்டிவிலிருந்து 7ஆம் காலுக்கு 1 கே ரெசிஸ்டர், 7இலிருந்து 6க்கு 10 கே. 6ஐயும் 2ஐயும் சேர்த்து, அங்கிருந்து நெகட்டிவுக்கு 0.1 மைக்ரோஃபேரட் கெபாசிட்டர். அது நிரம்பி வடியும் வேகம்தான் சுருதி. இந்த அளவுகளில் ஏறத்தாழ 685 ஹெர்ட்ஸ் வரும். 10 கே இடத்தில் 15 கே வைத்தால் 465க்கு இறங்கி, குரல் கனக்கும்.

3ஆம் காலில் ஒலி அலை வெளியே வரும். ஆனால் அந்தக் கால் தரக்கூடியது அதிகபட்சம் 200 மில்லி ஆம்பியர். தெருவில் கேட்க அது போதாது. எனவே 1 கே வழியாக டிப் 122 பவர் டிரான்சிஸ்டரின் பேஸுக்குக் கொடுத்து, அது 8 ஓம், 20 வாட் ஸ்பீக்கரை ஓட்ட வேண்டும். டிரான்சிஸ்டருக்கு ஹீட் சிங்க் கட்டாயம்.

மேஜைமேல் அழகாகக் கத்திய சர்க்யூட் வண்டியில் ஏறியதும் செத்துப்போவது உண்டு. 12 வோல்ட் என்று சொல்லும் பேட்டரி, இன்ஜின் ஓடும்போது 14 வோல்ட்டைத் தாண்டும். 555 தாங்குவதோ 16 வரைதான். இக்னிஷன் காயிலும் ரிலேக்களும் கிளப்பும் திடீர் மின்னெழுச்சி அந்த எல்லையை நொடியில் கடந்துவிடும். அதனால் ஐ.சி.க்கு மட்டும் 7809 ரெகுலேட்டர் வைத்து 9 வோல்ட்டாக்கிக் கொடுங்கள். ஸ்பீக்கருக்குக் குறுக்கே, கோடு போட்ட முனை பாசிட்டிவ் பக்கம் இருக்கும்படி, 1என்4007 டையோடு. பாசிட்டிவ் கம்பியில் 3 ஆம்பியர் ஃபியூஸ். முழு சர்க்யூட்டின் விலையில் பாதி இந்தப் பாதுகாப்புக்கே போனாலும் தகும்.

சில வண்டிகளில் ஹார்ன் சுவிட்ச் நெகட்டிவ் பக்கம் இருக்கும். அங்கே சர்க்யூட்டின் நெகட்டிவ் பாடியில் பட்டால், பொத்தானை அழுத்தாமலே ஹார்ன் கத்தும். ஆகவே பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்து, எந்தக் கம்பியும் வண்டியின் பாடியில் படாமல் பாருங்கள்.

சட்டமும் தெரிந்திருக்க வேண்டும். 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 119ஆவது விதி, இந்தியத் தரநிர்ணயத்துக்கு உட்பட்ட ஹார்னையே கேட்கிறது. அடுத்தடுத்துச் சுருதி மாறும் ஹார்னைத் தடை செய்கிறது. ஆகவே செய்து பாருங்கள், மாணவர்களுக்குச் செய்து காட்டுங்கள். சாலையில் போகும் வண்டியிலிருந்து மட்டும் கம்பெனி ஹார்னைக் கழற்றிவிடாதீர்கள்.