வீட்டு வரியும் அளவு நாடாவும்

வீட்டு வரி திருத்தியமைக்கப்பட்டதாக ஒரு நோட்டீஸு வந்து சேர்ந்ததும் குடும்பஸ்தர்கள் இரு விதமாக நடந்துகொள்கிறார்கள். ஒரு சாரார் விதியை நொந்துகொண்டு பணத்தைக் கட்டிவிடுகிறார்கள். மற்றொரு சாரார் திண்ணையில் அமர்ந்து சர்க்காரை நன்றாக வைதுவிட்டு, அப்புறம் பணத்தைக் கட்டிவிடுகிறார்கள். நோட்டீஸை ஊன்றிப் படிப்பவர்கள் மிகச் சொற்பம்.

ஆவடியை அடுத்த அண்ணனூரையே எடுத்துக்கொள்வோம். மின்சார ரயிலை நம்பி, ஆயுட்காலச் சேமிப்பைக் கொட்டி வீடு கட்டிக்கொண்டவர்கள் இங்கே ஏராளம். 2022 ஏப்ரலில் தமிழ்நாடு சர்க்கார் சொத்து வரியை உயர்த்தியபோது, அம்பத்தூர் போன்று 2011-ல் சென்னையோடு இணைந்த பகுதிகளுக்கும், ஆவடி முதலிய ஏனைய மாநகராட்சிகளுக்கும் ஒரே விகிதம் வகுக்கப்பட்டது. குடியிருக்கும் வீடு 600 சதுர அடிக்குள் இருந்தால் 25 சதவிகித உயர்வு. 1,200 வரை 50. 1,800 வரை 75. அதற்கும் மேற்பட்டால் 100.

இந்தப் படிக்கட்டில்தான் சூட்சுமம் இருக்கிறது. ஒரு வீட்டின் உண்மையான பரப்பு 1,180 சதுர அடி. ஏட்டில் 1,230 என்று பதிவாகியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அரையாண்டு வரி முன்பு 1,000 ரூபாயாக இருந்தால், நியாயப்படி 1,500 ஆகவேண்டியது 1,750 ஆகிவிடும். ஐம்பது அடிப் பிழைக்கு வருஷம் 500 ரூபாய் தண்டம்! அத்துடன் போயிற்றா? இனி வரும் ஒவ்வோர் உயர்வும் அந்தப் பிழையின்மேல்தான் ஏறி உட்காரும்.

ஆகவே, முதல் வேலை அளவு நாடாவை எடுத்து வீட்டை அளப்பதுதான். அந்த அளவை நோட்டீஸில் கண்ட பரப்போடும், அனுமதி பெற்ற வரைபடத்தோடும் ஒப்பிடவேண்டும். குடியிருக்கும் பகுதி கடையென்று எழுதப்பட்டிருக்கிறதா, கட்டடத்தின் வயது சரியா, நமது வீதிக்குரிய மதிப்புத்தான் போடப்பட்டிருக்கிறதா என்றும் பார்க்கவேண்டும். அதே வீதியில் அதே அளவுள்ள வீட்டுக்காரரின் ரசீதைக் கேட்டுப் பார்ப்பதில் வெட்கம் ஒன்றுமில்லை.

பிழை தென்பட்டால், நோட்டீஸில் கண்ட கெடு தாண்டுவதற்குள் கமிஷனருக்கு எழுத்து மூலம் ஆட்சேபம் தெரிவிக்கவேண்டும். "வரி அதிகம், தாங்க முடியவில்லை" என்ற புலம்பலுக்குப் பலன் குறைவு. "பரப்பு இன்னது, பதிவானது இன்னது, ஆதாரம் இதோ" என்னும் மூன்று வரிக்குப் பலன் அதிகம். மனுவைப் பெற்றுக்கொண்டதற்கு அத்தாட்சி வாங்கி, நகலோடு பத்திரப்படுத்துவது அவசியம். தகராறில்லாத பாக்கியை வைத்துக்கொண்டு வாதாடப் போவது புத்திசாலித்தனமாகாது.

தனி மனிதரால் என்ன செய்ய முடியும் என்று மலைப்பவர்கள் குண்டூர்வாசிகளை நினைத்துக்கொள்ளட்டும். அவ்வூர் பழைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்தது. வீட்டுக்கு நியாயமாக எதிர்பார்க்கத்தக்க வாடகையே வரிக்கு அடிப்படை என்பது 1920-ம் வருஷத்து ஜில்லா முனிசிபாலிடிகள் சட்டம். அங்கே வரி செலுத்துவோர் சங்கமாகக் கூடி, வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டப்படியான நியாய வாடகைக்கு மேல் நகரசபை மதிப்பிடலாகாது என்று வழக்காடினர். 1970-ல் சுப்ரீம் கோர்ட்டு அவர்கள் பக்கமே தீர்ப்பளித்தது. தமிழ்நாட்டில் அவ்விரு சட்டங்களும் இன்று இல்லை. 2023 ஏப்ரல் முதல் நகர்ப்புற உள்ளாட்சிகளுக்குப் புதிய சட்டமே நடைமுறையில் இருக்கிறது. ஆயினும், "எந்தக் கணக்கின்மேல் இந்தத் தொகை?" என்று கேட்க ஒரு ஊர் காட்டிய துணிவு பழசாகிவிடவில்லை.

வரி கொடுக்கத் தயங்குவதை நாம் ஆதரிக்கவில்லை. வீதி விளக்கும் குடிநீரும் சாக்கடையும் ஆகாயத்திலிருந்து வருவனவல்ல. உரிய வரியைக் காலத்தில் செலுத்துவது பிரஜையின் கடமை. உரியதற்கு மேல் ஒரு காசு கேட்டாலும் கணக்குக் கேட்பது அதே பிரஜையின் கடமை. ஸ்தல சுயாட்சி என்பது ஓட்டுச் சாவடியோடு முடிந்துவிடுவதன்று. நம் வீட்டுக் கூடத்தை நாமே அளந்து பார்ப்பதிலும் அது இருக்கிறது.