பம்பைக் கழற்றுமுன் தாங்கியைப் பாருங்கள்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் மலையும் இல்லை, மேடும் இல்லை. நல்லூருக்கும் நெல்லியடிக்கும் இடையே ஓடும் டீசல் வானின் பில்டர் பாதி அடைத்திருந்தாலும் ஓட்டுபவருக்குத் தெரியவராது. அந்த ஓட்டத்துக்கு வேண்டிய டீசல் எப்படியோ போய்ச் சேர்ந்துவிடும். ஆட்களையும் சாமான்களையும் நிறைத்துக்கொண்டு ஏ9 வீதியில் விரட்டும்போதோ, நுவரெலியா ஏற்றத்தில் ஏறும்போதோதான் இழுவை விழுந்து வண்டி நிற்கும். ஊரில் நன்றாக ஓடிய வண்டி வழியில் நின்றுவிட்டால் பழி உடனே டீசலைப் பீச்சும் பம்பின்மேல் விழுகிறது. பம்பைக் கழற்றிச் செப்பனிடுவதோ டீசல் வண்டியின் மிகச் செலவான வேலைகளில் ஒன்று. ஆனால் திடீரென வரும் கோளாறு பெரும்பாலும் பம்புக்கு முன்னால், தாங்கிக்கும் பில்டருக்கும் இடையில் பிறக்கிறது. சோதனையும் அங்கிருந்தே தொடங்கவேண்டும்.

காரணம் இயந்திரத்தின் அமைப்பிலேயே இருக்கிறது. டீசல் இயந்திரத்தில் தீப்பொறி கிடையாது. காற்றை ஏறத்தாழ 15 முதல் 22 மடங்கு வரை அமுக்கி, அந்தச் சூட்டில் டீசலைப் பீச்சியே எரிக்கிறது. பீச்சுவதற்குப் பெரும் அமுக்கம் வேண்டும். டீசல் அமுக்கத்துக்கு மசியாது, காற்று மசியும். பம்புக்குள் குமிழி புகுந்தால் அமுக்கமெல்லாம் அதைச் சுருக்குவதிலேயே போய்விட, இன்ஜெக்டர் திறக்காது. டொல்பின் போன்ற பழைய வான்களில் டீசல் தாங்கியிலிருந்து உறிஞ்சப்படுவதால், குழாயில் வெடிப்பு இருந்தால் ஓடும்போது டீசல் வெளியே ஒழுகுவதைவிடக் காற்று உள்ளே புகுவதே அதிகம். எனவே ‘ஒரு சொட்டும் ஒழுகவில்லை’ என்பது குழாய் நலமாக இருப்பதற்குச் சான்றாகாது. காலையில் ஸ்டார்ட் ஆகிச் சிறிது நேரத்தில் நின்றுபோகும் வண்டியில் முதலில் சந்தேகிக்கவேண்டியது இப்படிக் காற்று புகுவதைத்தான்.

புகையும் வழிகாட்டும். ஸ்டார்ட்டர் நன்றாகச் சுற்றியும் புகையே வராவிட்டால் டீசல் உள்ளே போகவில்லை. வெள்ளைப் புகை வந்தால் டீசல் போகிறது, எரியவில்லை; ஹீட்டர் பிளக்கையும் அமுக்கத்தையும் பார்க்கவேண்டும். கரும்புகை வந்தால் முதலில் எயார் பில்டரைத் திறக்கலாம். தாங்கியின் மூடியைத் திறக்கும்போது காற்று சீறி உள்ளே இழுபட்டால் மூடியின் துவாரம் அடைத்திருக்கலாம். பழைய வான்களுக்கு இன்னொரு தீர்க்கமான சோதனை உண்டு. சுத்தமான டீசல் உள்ள கானிலிருந்து பம்புக்கு நேரே குழாய் கொடுத்து, திரும்பிவரும் குழாயையும் அதே கானுக்குள் விட்டு, எயார் எடுத்து ஓட்டிப் பார்ப்பது. வண்டி சீராக ஓடினால் குறை தாங்கிப் பக்கம். ஓடாவிட்டால் மட்டுமே பம்புக்கும் இன்ஜெக்டருக்கும் போகவேண்டும்.

காற்றுக்கு அடுத்த எதிரி தண்ணீர். திருவிழாக் காலத்தில் ஓடிவிட்டு மாதக்கணக்கில் முற்றத்தில் நிற்கும் வானின் அரைத் தாங்கியில் ஈரக்காற்று குளிர்ந்து நீராகி அடியில் தங்கும். நீரும் டீசலும் சந்திக்கும் இடத்தில் நுண்ணுயிர்கள் பெருகிக் கறுப்புப் பசையாகி பில்டரை அடைக்கும். ‘செட்டில் அடித்த டீசல்தான் பிழை’ என்று சொல்லுமுன், பில்டரின் அடியிலிருந்து கொஞ்சம் கண்ணாடிப் போத்தலில் பிடித்து ஓர் இரவு வைத்தால் தண்ணீர் அடியில் பிரிந்து தெரியும். மண்ணெண்ணெய் கலந்திருந்தால் இப்படிப் பிரியாது. 2022 ஆகஸ்டில் 340 ரூபாவாக உயர்த்தப்படும்வரை மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபா, ஓட்டோ டீசலோ 430 ரூபா. கலக்கத் தூண்டுவதற்கு அந்த இடைவெளியே போதுமாயிருந்தது. போர்க்காலத்தில் யாழ்ப்பாணத்தின்மேல் பொருளாதாரத் தடை இருந்தபோது மண்ணெண்ணெயிலேயே ஓடினோமே என்று சிலர் கேட்பார்கள். சில துளி பெற்றோல் விட்டு ஸ்டார்ட் செய்து அப்படி ஓடிய ஏ40 கார்களும் எம்டி 90 மோட்டார் சைக்கிள்களும் தீப்பொறியில் இயங்கியவை. டீசல் பம்புக்கோ ஓடும் டீசலே மசகு. அதன் வழுவழுப்புக் குறைந்தால் உட்பாகங்கள் தேயும்.

கேடிஎச் போன்ற புதிய வான்களுக்கு இந்தக் கைவைத்தியம் எடுபடாது என்பது நியாயமான ஆட்சேபம். அவற்றில் டீசலைப் பீச்சும் அமுக்கம் வளிமண்டல அமுக்கத்தைப்போல் ஆயிரம் மடங்கையும் தாண்டும். இயந்திரம் ஓடும்போது இன்ஜெக்டருக்குப் போகும் குழாயைத் தளர்த்தினால் டீசல் தோலையே துளைக்கும். அங்கே ஸ்கானர் வேண்டும், பழகிய கை வேண்டும். ஆனாலும் ஸ்கானர் காட்டும் ‘அமுக்கம் குறைவு’ என்ற குறி, பம்ப் கெட்டாலும் வரும், பில்டர் அடைத்தாலும் வரும். பம்பும் தேயும் பொருள்தானே என்றால், தேய்மானம் பெரும்பாலும் மாதக்கணக்கில் மெல்ல வளர்வது. நேற்றுவரை சரியாக ஓடிய வண்டி இன்று நின்றதை அது அரிதாகவே விளக்கும். உண்மையிலேயே பம்ப் தேய்ந்திருந்தாலும், தாங்கியைக் கழுவாமல் புதியதைப் பூட்டினால் பழையதைக் கெடுத்த அதே அழுக்கு அதையும் கெடுக்கும். ஆகவே கராஜில் பம்பைக் கழற்றச் சம்மதிக்குமுன் கேட்கவேண்டியது ஒன்றே: தாங்கி, குழாய், பில்டர் மூன்றையும் பார்த்தாயிற்றா?