ரெண்டே வாரத்தில் ரியல் எஸ்டேட் லைசென்ஸா?

கலிபோர்னியாவில் இருக்கும் என் தோழிக்கு வீடு விற்றுக் கொடுக்கும் ஏஜென்ட் ஆக ஆசை. பிள்ளைகளை ஸ்கூலில் விட்டுவிட்டு வீட்டிலிருந்தே படிக்கலாமே! "ரெண்டே வாரத்தில் எல்லா கோர்ஸும் முடியும்" என்ற விளம்பரத்தை நம்பிப் பணம் கட்டினாள். சர்டிபிகேட்டும் வந்தது. அந்தப் பள்ளிக்கு மாநில அங்கீகாரமே இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. "போச்சுடி, மறுபடி மொதல்லேருந்து படிக்கணும்!" என்று போனில் அழுதாள்.

அங்கே தனியார் பள்ளிகளின் அஞ்சல்வழி, ஆன்லைன் கோர்ஸ்களுக்கு மாநில ரியல் எஸ்டேட் துறையின் அனுமதி வேண்டும். மூன்று கோர்ஸ், ஒவ்வொன்றும் 45 மணி நேரம், ஆக மொத்தம் 135. பாடம் கைக்கு வந்து 18 நாள் ஆகாமல் அந்த கோர்ஸின் இறுதித் தேர்வை எழுத முடியாது. மூன்றுக்கும் குறைந்தது 54 நாள். அப்புறம்தான் 150 கேள்விகள் கொண்ட மாநிலத் தேர்வு. அதில் 70 சதவீதம் எடுக்கணும்.

இவ்வளவு கெடுபிடி எதற்கு? வீட்டில் படிப்பவரை மேற்பார்க்க வாத்தியார் இல்லை. நாளைக்கு அவர் கையில் இருக்கப் போவதோ ஒரு குடும்பத்தின் ஆயுள் சேமிப்பு. ஊரில் நிலத்தை விற்று அப்பா அனுப்பிய காசாகக்கூட இருக்கலாம்.

மாநிலத்துக்கு மாநிலம் கணக்கு வேறு: டெக்சாஸில் 180 மணி நேரம், நியூ ஜெர்சியில் 75. எங்கே இருந்தாலும், பணம் கட்டும் முன் உங்கள் மாநிலத் துறையின் இணையதளத்தில் பள்ளியின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். அஞ்சு நிமிஷ வேலை. தோழிக்குப் போனது நாலு மாசம்.