கையெழுத்து வைக்க முன்னர் கேளுங்கள்

நெடுந்தீவுக்காரருக்கு ஒருநாள் அலுவல் என்று ஒன்று இல்லை. யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைப் பாலம் கடந்து, வேலணை, புங்குடுதீவு வழியாகக் குறிகட்டுவான் இறங்குதுறை வரை பஸ். அங்கிருந்து ஏறக்குறைய ஒரு மணித்தியாலம் படகு. சோளகக் காற்று வீசும் மாதங்களில் கடல் குழம்பினால் அந்தப் படகும் ஓடாது. இது எங்களுக்குத் தெரியும். நகரத்தில் எங்களுக்கு வேலை தருபவருக்குத் தெரியாது. சொல்லவேண்டியவர்கள் நாங்கள்தான். சொல்லாமல் விட்டு நான் பட்டதை, சகோதரிகளே, உங்களுக்குப் பயன்படும் என்று எழுதுகிறேன்.

அப்பா ஓர் ஆடி மாதத்தில் காலமானார். அடுத்த வைகாசியில் நகரத்து நிறுவனம் ஒன்றில் எனக்குக் கணக்கு எழுதும் வேலை கிடைத்தது. ஆட்டைத் திவசம் எந்த நாளில் வருகிறது என்பதை அம்மா பஞ்சாங்கம் பார்த்து முன்கூட்டியே சொல்லியிருந்தார். ஆனால் நேர்முகப் பரீட்சையில் அதைச் சொன்னால், “வேலைக்கு வரமுந்தியே லீவு கேட்கிற பிள்ளை” என்று தள்ளிவிடுவார்களோ என்று பயந்தேன். வாய் திறக்கவில்லை.

திவசத்துக்கு ஒரு கிழமை இருக்கும்போது கேட்டேன். மாதக் கடைசிக் கணக்கு முடிக்கும் நேரம். “இது உமக்கு அப்பவே தெரியுந்தானே?” என்று மேலதிகாரி கேட்டார். என்னிடம் பதில் இல்லை. ஒரே ஒரு நாள் தந்தார். அன்று விடிய முதல் பஸ்ஸில் போனேன். கடல் மோசம், படகு ஓடவில்லை. மத்தியானம் வரை துறையில் நின்றுவிட்டுத் திரும்பினேன். “பறவாயில்லைப் பிள்ளை, கடலுக்கு ஆர் என்ன செய்யிறது” என்று அம்மா தொலைபேசியில் சொன்னார். பிழை கடலில் இல்லை என்பது எனக்குத் தெரியும். ஆட்டைத் திவசம் ஒருமுறைதான் வரும்.

இரண்டாம் முறை

அந்தத் தற்காலிக வேலை முடிந்து, அடுத்த ஆனியில் வேறோர் இடத்தில் என்னைத் தெரிவு செய்தார்கள். நியமனக் கடிதத்தை நீட்டியபோது துணிந்து பேசினேன்.

“சேர், வேலையைச் சந்தோசமாக ஏற்றுக்கொள்ளுறன். கையெழுத்து வைக்க முன்னம் ஒரு விசயம். அடுத்த மாதம் அப்பாவின்ர திவசம். எனக்கு மூன்று நாள் லீவு வேணும். சம்பளம் வெட்டினாலும் பறவாயில்லை. என்ர வேலையை முன்னமே முடிச்சுத் தந்திட்டுப் போவன்.”

“ஒருநாள் காரியத்துக்கு ஏன் பிள்ளை மூன்று நாள்?”

“ஒருநாள் திவசத்துக்கு. மற்ற இரண்டும் கடலுக்கு, சேர்.”

அவர் சிரித்துவிட்டார். சம்பளமில்லாத லீவாகத் தர ஒத்துக்கொண்டு, திகதிகளைக் கடிதத்திலேயே குறித்துத் தந்தார்.

சட்டம் என்ன சொல்கிறது?

1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, அலுவலக ஊழியர் சட்டத்தின்படி, சேர்ந்த முதலாவது வருடத்தில் இரண்டு மாத சேவை முடிந்தால் ஒருநாள் என்ற கணக்கில்தான் சமயோசித லீவு உண்டு. வருடாந்த லீவு அடுத்த காலண்டர் வருடத்தில்தான் வரும். அதுவும் சேர்ந்த மாதத்தைப் பொறுத்தது. தை முதல் நாளுக்கும் பங்குனிக் கடைசிக்கும் இடையில் என்று நாங்கள் சொல்வதில்லை. ஜனவரி முதல் மார்ச் வரையில் சேர்ந்தவருக்கு 14 நாள், யூன் முடியமுன் சேர்ந்தவருக்கு 10, செப்டெம்பர் முடியமுன் சேர்ந்தவருக்கு 7, அதற்குப் பிந்தியவருக்கு 4. அப்படியானால் ஆனியில் சேர்ந்த எனக்கு ஆடியில் உரிமையாக ஒருநாள் லீவுகூட இல்லை. உரிமை இல்லாத இடத்தில் பேச்சுத்தான் உதவும். அந்தப் பேச்சுக்கு ஏற்ற நேரம், “உம்மை எடுத்திட்டம்” என்று அவர்கள் சொன்ன பின்பும் நீங்கள் கையெழுத்து வைக்க முன்பும் உள்ள நேரம்தான்.

திருமணம், கண் சத்திரசிகிச்சை, பரீட்சை, நயினாதீவு அம்மன் திருவிழா, கச்சதீவு அந்தோனியார் திருவிழா என்று எதுவாகவும் இருக்கலாம். திகதி தெரிந்திருந்தால் மறைக்காதீர்கள். எத்தனை நாள் என்பதைக் கடலையும் சேர்த்துக் கணக்கிட்டுச் சொல்லுங்கள். போகவேண்டிய காரணத்தைச் சுருக்கமாகச் சொன்னால் போதும். சம்மதித்தால் எழுத்தில் வாங்குங்கள். இன்று சம்மதித்தவர் நாளை மாற்றலாகிப் போகலாம். மறுத்தால், அந்த நாள் பெரிதா வேலை பெரிதா என்று வீட்டில் பேசி முடிவெடுக்கலாம். முடிவு உங்கள் கையில் இருக்கும்.

அந்த முறை முதல்நாளே போய்ச் சேர்ந்தேன். அடுத்தநாள் விடியற்காலையில் அடுப்படியில் அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்து காய்கறி வெட்டினேன். அம்மா ஒன்றும் பேசவில்லை. அப்பாவுக்குப் பிடித்த முருங்கைக்காயை மட்டும் என் பக்கம் நகர்த்தி வைத்தார்.